கரிசல் மண்ணில் எந்நாட்டு வீடு?

கோவில்பட்டியில் புதுமனை ஒன்றில் குடிபுகும் நாளன்று விருந்துக்கு அழைக்கப்பட்டிருந்தோம். பாத்திஹா ஓதி, உணவருந்தி, கூடத்தில் அமர்ந்திருந்த வேளையில் அக்குடும்பத்து இளைஞர் இருவரிடையே ஒரு வழக்கு மூண்டது. ஒருவர் அமெரிக்காவில் நியூஜெர்சியில் பணிபுரிபவர். மற்றவர் ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் இருப்பவர். கூடமும் உணவறையும் அடுக்களையும் சுவரின்றி ஒன்றாய் விரிந்திருக்கும் அமெரிக்க முறையே சிறந்ததென்றும், அம்முறைப்படியே தம் குடும்பத்தார் இவ்வீட்டைக் கட்டியது அறிவுடைமை என்றும் கூறினார் முன்னவர். ஒவ்வோர் அறைக்கும் கதவு இருக்கவேண்டும், வாயிலை அடுத்து ஒரு நடை இருக்கவேண்டும், அதுவே நாகரிகம், அதுவே ஐரோப்பிய முறை என்றார் பின்னவர். வழக்கு வீட்டோடு நிற்கவில்லை, உடைக்கும் தாவியது. ஜீன்ஸும் டீ-ஷர்ட்டும் அணிந்திருந்தவர், தம் உடை உழைப்பாளியின் உடை என்றார். கோட்டு அணிந்திருந்தவர், உடை என்பது அவைக்கு நாம் செலுத்தும் மரியாதை என்றார். பெரியவர்களும் இருகட்சியாயினர்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அவ்வீட்டு மூதாட்டியார், முக்காட்டுத் தலைப்பால் முகத்து வியர்வையை ஒற்றியவாறு, "எந்த ஊரு வீடா வேணும்னாலும் இருக்கட்டும் தம்பி. இந்த அனல் எப்படிப் போகும்னு சொல்லுங்க. சாயங்காலம் உள்ள இருக்க முடியலையே" என்றார். எவரும் விடை கூறவில்லை. கூடத்துச் சன்னலின் மூலையிலிருந்து மெல்லிய வெடிப்பு ஒன்று மேல்நோக்கிக் கிளம்பியிருந்ததையும் நாம் கண்டோம். வீடு குடிபுகுந்து ஒரு நாளும் முழுதாக ஆகவில்லை.

அம்மூதாட்டியாரின் வினாவுக்கு விடை காணாமல் அமெரிக்காவா ஐரோப்பாவா என்று வழக்காடுவது வீண்வேலை என்பதே நம் கருத்து. இவ்வழக்கு அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பொருளீட்டப் புறநாடு சென்ற மக்களையுடைய நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று நடைபெறுவது. ஆகவே இதனைச் சற்று விரிவாக ஆராய்தல் வேண்டும்.

மரம் மிகுந்த நாடும் கல் மிகுந்த நாடும்

இரு கண்டத்தாரின் வீடுகளும் வேறுபடுவது உண்மை. ஆனால் ஏன் வேறுபடுகின்றன? அமெரிக்காவில் குடியேறியோர்க்குக் காடுகள் மிகுதி. கைத்தேர்ச்சி பெற்ற தச்சர்கள் குறைவு. ஆகவே 1830களில் சிக்காகோ நகரில் ஒரு புதுமுறை பரவிற்று. ஆலையில் அறுத்த மெல்லிய மரச்சட்டங்களை இயந்திரத்தில் செய்த ஆணிகளால் இணைத்துச் சில நாள்களில் வீட்டை நிறுத்திவிடும் முறை அது. இன்றும் அந்நாட்டு வீடுகளிற் பெரும்பாலானவை மரச்சட்ட வீடுகளே. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1947ஆம் ஆண்டு முதல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்னும் ஊரில் ஒரே சாயலுடைய வீடுகளை ஆயிரக்கணக்கில் கட்டினர். நிலம் பரந்து கிடந்தது, எரிபொருள் மலிவாயிருந்தது. அதனால் வீடு அகலமாயிற்று. அறைகளுக்கிடையே சுவர் குறைந்தது. சுவரினுள்ளேயே உடை வைக்கும் அறை அமைந்தது. வெப்பத்தையும் குளிரையும் பொறியே பார்த்துக்கொண்டது. குளிர்சாதனப் பொறியை 1902இல் அமைத்த வில்லிஸ் கேரியர் அமெரிக்கர். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 10 வீடுகளில் 9 வீடுகள் அப்பொறியை உடையவை.

ஐரோப்பாவின் கதை வேறு. அங்கே நகரங்கள் பழையன, நிலம் குறுகியது, பல பகுதிகளில் காடு முன்னரே அழிந்தது. ஆகவே கல்லும் செங்கல்லும் கொண்டு தடித்த சுவர் எழுப்பினர். ஓர் அறையின் வெப்பம் மற்றோர் அறைக்குப் போய் வீணாகாதிருக்க அறைதோறும் கதவு வைத்தனர். வீடு பல தலைமுறைக்கு நிற்கும் என்பதால் உடைப்பேழையைச் சுவரோடு பொருத்தாமல், குடிபெயரும்போது உடன் கொண்டுசெல்லுமாறு தனியே செய்தனர். அமெரிக்கர் துணியைப் பொறியில் உலர்த்த, ஐரோப்பியரிற் பலர் இன்றும் கொடியிலும் சட்டத்திலும் உலர்த்துகின்றனர். எரிபொருள் விலை அவர்களை அவ்வாறு பழக்கிற்று.

இவ்விரண்டில் எது உயர்ந்தது என்பதற்கு விடை இல்லை. இருவரும் தத்தம் நிலத்தையும் பருவத்தையும் கைப்பொருளையும் நோக்கிக் கட்டினர் என்பதே இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது.

உடையும் அவ்வாறே. 1858இல் பாரிசில் உடைமனை திறந்த சார்ல்ஸ் வொர்த், ஒருவர் உடலை அளந்து அவருக்கென்றே உடை தைப்பதை உயர்கலையாக்கினார். இலண்டனின் தையற்காரர்களும் அவ்வழியினர். குளிர்நாட்டுக்குக் கம்பளித் துணி, கழுத்தை மூடும் பட்டி, மேலே கோட்டு. அமெரிக்காவிலோ 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கான வீரர்க்கு உடை வழங்க நேர்ந்தது. அப்போது எடுத்த அளவுகளே பின்னர் ஆடவர்க்கான ஆயத்த உடைகளின் அளவுமுறைக்கு அடிப்படையாயின. ஜீன்ஸ் என்பது செம்பு ஆணி அடித்த உழைப்பாளியின் காற்சட்டை. அதற்குரிய உரிமையை 1873ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பெற்ற இருவரில் லெவி ஸ்ட்ராஸ் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர். ஜேக்கப் டேவிஸ் ரீகா நகரத்தவர். ஜீன்ஸ் என்னும் பெயர் இத்தாலியின் ஜெனோவா நகரிலிருந்தும், டெனிம் என்னும் பெயர் பிரான்சின் நீம் நகரிலிருந்தும் வந்தன என்பர். ஆக, நம் இளைஞர் அமெரிக்க உடை என்று மார்தட்டியது, ஐரோப்பியப் பெயர் கொண்டு ஐரோப்பாவில் பிறந்தவர்கள் அமெரிக்கச் சுரங்கத்தார்க்கும் கூலிகளுக்கும் தைத்துக் கொடுத்த உடையாகும்.

அமெரிக்க விதையைக் கரிசல் என்ன செய்தது?

இவ்விடத்தில் நம் மண்ணின் பழங்கதை ஒன்றை நினைவூட்டுதல் பொருந்தும். அமெரிக்கா என்னும் பெயர் கரிசல் காட்டுக்குப் புதிதன்று. 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கூலி பேசி அழைத்துவந்து, இந்நாட்டில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட முயன்றனர். சென்னை இராசதானியில் அம்முயற்சி திருநெல்வேலிச் சீமையிலும் கோயம்புத்தூரிலும் நடந்தது. தாவரநூல் வல்லுநரான ராபர்ட் வைட் அதனை மேற்பார்த்தார். பொருள் செலவாயிற்று, ஆண்டுகள் கழிந்தன. மானாவாரிக் கரிசலில் அவ்விதை வேரூன்றவில்லை. மண் தன் பழைய நாட்டுப் பருத்தியையே வளர்த்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் போகாமல் நின்றபோது, நம் பஞ்சுக்கு விலை ஏறிற்று. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மூட்டை மூட்டையாகக் கப்பலேறிற்று. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு 1876இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டதற்கும் இப்பஞ்சு வணிகமே பெருங்காரணம். 1901இல் கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டது. அங்குள்ளோர் அமெரிக்க விதையோடு மல்லுக்கட்டவில்லை. இம்மண்ணின் கருங்கண்ணிப் பருத்தியிலிருந்தே நல்லன தெரிந்தெடுத்து, கோவில்பட்டியின் முதலெழுத்தாகிய 'கே' என்பதை முன்னிட்டுப் பெயர் சூட்டி உழவர்க்கு வழங்கினர். மண்ணுக்கேற்ற விதையைத் தேடிய ஊர் இது. அவ்வூரில் வாழும் நாம், வீட்டை மட்டும் மண்ணைக் கேளாமல் கட்டுகின்றோம்.

கரிசல் கேட்கும் அடித்தளம்

கரிசல் எத்தகைய மண்? மழைநீரை உறிஞ்சினால் பருக்கும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் முழங்கை வரை கை நுழையும் வெடிப்புகளைக் காட்டிலே காண்கின்றோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அவையெல்லாம் மூடிக்கொள்கின்றன. ஆண்டுதோறும் இவ்வாறு மூச்சு விடும் மண்ணின்மேல் சாதாரணக் கடைக்காலிட்டு வீடு எழுப்பினால், வீடும் அம்மூச்சோடு ஏறி இறங்கும். சன்னல் மூலையில் தொடங்கும் வெடிப்பு அதனால் வருவதே. கொத்தனாரைக் குறைகூறிப் பயனில்லை. கூடத்தின் அகலத்தைப் படத்திற் காட்டிய நாம், கடைக்காலின் ஆழத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இதற்கு வழியில்லாமலில்லை. 1947இல் தொடங்கிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மண்ணுக்கென்றே ஒரு முறையைச் செம்மைப்படுத்தியுள்ளனர். பருவத்துக்குப் பருவம் அசையும் மேல்மண்ணைக் கடந்து துளையிட்டு, அத்துளையின் அடியைக் குமிழ்போல அகலமாக்கி, கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பித் தூண்களாக்குவர். அத்தூண்களின் தலைகளைக் கான்கிரீட் உத்திரத்தால் இணைத்து அதன்மேல் சுவர் எழுப்புவர். நம் முன்னோரும் தமக்கு இயன்ற அளவில் இதையே எண்ணினர். கரிசலைத் தோண்டி அகற்றிவிட்டுச் சரளையும் மணலும் இட்டனர். சுவருக்குக் கரிசல் உதவாதென்று செவலை மண் கொணர்ந்தனர். பனங்கை பரப்பி, செங்கல் அடுக்கி, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரிற் குழைத்த சுண்ணாம்புக் காரையிட்டு மச்சு அமைத்தனர்.

இன்றைய புதுவீட்டில் இவை எங்கே? மேற்குநோக்கிய பெரிய கண்ணாடி முகப்பு. அதன்மேல் நிழல் தரும் இறவாரம் இல்லை. நேரே வெயில் வாங்கும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் உமிழ்கின்றது. குளிர்சாதனப் பொறி ஓர் அறைக்குத்தான் கட்டுப்படியாகின்றது. ஆகவே அகன்ற வீட்டைக் கட்டிவிட்டுக் குடும்பம் முழுவதும் அந்த ஓர் அறையிலே பாய் விரிக்கின்றது.

திறந்த கூடத்தைப் பற்றியும் கூறவேண்டும். விருந்தினராக வந்த ஆடவர் அமரும் இடத்திலிருந்து அடுக்களை முழுதும் தெரியுமாறு கட்டப்பட்ட வீடுகளில், குடிபுகுந்த சில நாள்களிலேயே நடுக்கூடத்தில் கம்பி கட்டித் திரை தொங்கவிடப்படுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். சுவரை வேண்டாமென்று இடித்துவிட்டுத் துணியால் சுவர் எழுப்புகின்றோம்! பெண்டிர் மனம்விட்டுப் பேசவும், சமைக்கவும், தொழவும், முக்காட்டைத் தளர்த்தி அமரவும் ஓர் இடம் வேண்டும் என்பது நம் இல்லற ஒழுங்கு. அதை எண்ணாமல் வரைந்த படத்துக்குத் திரைச்சீலை ஒட்டுப்போடுகின்றது. அத்திரை, வீட்டில் வந்துகொண்டிருந்த சிறிது காற்றையும் தடுத்துவிடுகின்றது.

இவ்வெப்பத்தை எவர் சுமக்கின்றார்? படத்தைத் தேர்ந்தவர் புறநாட்டில் இருக்கின்றார்; ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து செல்கின்றார். வீட்டுத் தலைவர் பகலிற் கடையில் இருக்கின்றார். சித்திரை வைகாசி நண்பகலில் மேற்குச்சுவர் அடுக்களையில் நிற்பவர் பெண்கள். உள்ளறையிற் கிடப்பவர் முதியோர். தொட்டிலில் புழுங்குவது குழந்தை. பணம் அனுப்புபவர் முகப்பைத் தேர்கின்றார். அதில் வாழ்பவர் வியர்வையைச் சிந்துகின்றார். அவர்களைக் கேட்டு வீடு கட்டிய குடும்பம் நம்மில் எத்தனை?

வெயில் நாடுகளில் வேறுபாடு இல்லை

அமெரிக்கரும் ஐரோப்பியரும் வெயில் கொளுத்தும் இடங்களில் எவ்வாறு கட்டினர் என்று நோக்கினால் நம் வழக்கே தீர்ந்துவிடும். ஐரோப்பாவின் தென்கோடியில் ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரம் உள்ளது, முஸ்லிம்கள் சில நூற்றாண்டுகள் ஆண்டு செழிப்பித்த அந்நகரின் பழைய வீடுகளுக்கு நடுவே வானம் பார்த்த முற்றம் உண்டு, சுற்றிலும் அறைகள், தடித்த, சுண்ணாம்பு பூசிய வெண்சுவர், நடுவே நீரும் செடிகளும். அமெரிக்காவின் தென்மேற்கில் நியூ மெக்சிகோ மாநிலத்துப் பழவீடுகள் வெயிலிற் காயவைத்த மண்கல்லால் ஆனவை. தடித்த சுவர், சிறிய சன்னல். அம்மண்கல்லை அவர்கள் 'அடோபி' என்பர். ஸ்பானியர் வழி அமெரிக்கா சென்ற அச்சொல், செங்கல்லைக் குறிக்கும் 'அத்தூப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

அமெரிக்காவும் ஐரோப்பாவும் வெயிலின் முன் ஒரே வீட்டைத்தான் கட்டின. அவ்வீடு நம் முற்றத்து வீட்டுக்கு உறவு. மேல்நாட்டு முறை வேண்டுமென்பார் நியூஜெர்சியையும் ஃபிராங்க்ஃபர்ட்டையும் விட்டுவிட்டுக் குர்துபாவைப் பார்க்கட்டும்.

பஞ்சு விளைந்த மண்ணில் பாலியெஸ்டர்

உடைக்கு வருவோம். வைகாசி மாதத்து நிக்காஹ் பந்தலில், கழுத்துப்பட்டி இறுக்கி, கனத்த கோட்டு அணிந்து, வியர்வை வழிய அமர்ந்திருக்கும் மாப்பிள்ளையைக் காணும்போதெல்லாம் இரக்கம் பிறக்கின்றது. இலண்டன் மாநகரின் பனிக்கு எதிராகப் பிறந்த உடை கோவில்பட்டி வெயிலுக்கு எதற்கு? அவ்வுடையை அவர் மீண்டும் அணிவது அரிது. அதன் விலையோ பெரும்பாலும் பெண்வீட்டார் தலையில் விழுகின்றது.

நாம் இழிவென்று ஒதுக்கிய கைலியின் கதையைக் கேளுங்கள். நம் நெசவாளர் நெய்த மதராஸ் கட்டத்துணியை 1958இல் அமெரிக்க வணிகர் ஒருவர் வாங்கிச்சென்றார். நியூயார்க்கின் பெயர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடை அதனைச் சட்டையாகவும் கோட்டாகவும் விற்றது. துவைத்தபோது சாயம் கரைந்து பரவிற்று. முறையீடு எழுந்தது. அவர்களோ, ஒவ்வொரு துவைப்பிலும் புது நிறம் காட்டும் துணி இது என்று அக்குறையையே விளம்பரமாக்கிப் பெருவிலைக்கு விற்றனர். அமெரிக்கச் செல்வர் கோடையில் உடுத்தி மகிழ்ந்த அக்கட்டம், நம் வீட்டுக் கொடியிற் காய்ந்துகொண்டிருந்த கட்டமே.

நம் பெண்டிர் நிலையையும் எண்ணவேண்டும். முந்திய தலைமுறைப் பெண்கள் வெளியே செல்கையில் வெண்ணிறப் பருத்தித் துப்பட்டி போர்த்திச் சென்றனர். அதன் இடத்தை இன்று பெரும்பாலும் கருநிறச் செயற்கை இழை பிடித்துள்ளது. நிறத்தைப் பற்றியோ மறைப்பின் அளவைப் பற்றியோ நாம் ஈண்டு வாதிடவில்லை; அது அவரவர் மனச்சான்றுக்கும் மார்க்க அறிஞர்க்கும் உரியது. இழையைப் பற்றியே பேசுகின்றோம். திருமறை ஆடையை மறைப்பாகவும் அழகாகவும் கூறுகின்றதேயன்றித் தண்டனையாகக் கூறவில்லை. வியர்வையை உறிஞ்சாத துணியைப் பெண்ணுக்கு வாங்கிக்கொடுத்துவிட்டு, மென்பருத்திக் கைலியோடு மின்விசிறியின் கீழ் அமரும் ஆடவர் இதனைச் சிந்திக்கக் கடமைப்பட்டவர். பருத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 'குத்ன்' என்னும் அரபுச் சொல்லின் வழியாக வந்தது. அப்பருத்தி விளைந்த கரிசலில் இன்று மக்காச்சோளம் பரவிவிட்டது, பருத்திக்காடு சுருங்கிவிட்டது. வாங்குவார் இல்லாத துணிக்கு விளைவிப்பார் எங்ஙனம் இருப்பர்?

பழமைக்குத் திரும்புக என்கின்றோமா?

இல்லை. பழைய வீடுகளில் அடுக்களைப் புகையில் கண்ணெரிந்தவர் நம் தாய்மாரே. வெளிச்சம் புகாத உள்ளறைகளும், வீட்டில் கழிப்பறை இன்மையும், ஐப்பசி மழையில் கரைந்த மண்சுவரும் போற்றத் தக்கன அல்ல. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவர்க்குக் கான்கிரீட் தளம் ஓர் அருட்கொடை. அதை எள்ளி நகையாடும் உரிமை எவர்க்கும் இல்லை. அமெரிக்க வீட்டின் சுவரறைப் பேழையும், ஐரோப்பிய வீட்டின் வாயில்நடையும், இரண்டிலும் உள்ள தூய்மையான கழிப்பறையும் கொள்ளத்தக்கவை. ஆலையிலும் இரு சக்கர வண்டியிலும் உழைக்கும் இளைஞன் ஜீன்ஸ் அணிவதையும் நாம் குறை கூறோம்; அது உழைப்புக்கென்றே பிறந்த உடை.

நாம் வேண்டுவன சிலவே. வீட்டுப் படத்துக்கு முன் மண்ணைச் சோதியுங்கள். முகப்புக்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியைக் கடைக்காலுக்கு ஒதுக்குங்கள். மேற்குச்சுவருக்கு நிழல் கொடுங்கள். தளத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பாவது பூசுங்கள். சிறிதாயினும் வானம் பார்த்த ஒரு முற்றம் விடுங்கள். ஆடவர் அமரும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே காற்றுப் புகும் ஒரு சுவர் எழுப்புங்கள். மணநாள் உடையைப் பருத்தியில் எடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வீட்டில் நாள் முழுதும் வாழப்போகும் பெண்களைக் கேளுங்கள். கடன்பட்டு எழுப்பும் கண்ணாடி முகப்பு வீண்விரயம் என்பதை அறிய நமக்குப் புறச்சான்று வேண்டியதில்லை.

கோவில்பட்டிக்குச் சற்றுத் தொலைவில் எட்டயபுரத்தில் உமறுப்புலவர் அடங்கியிருக்கின்றார். 17ஆம் நூற்றாண்டில் இக்கரிசற் சீமையில் வாழ்ந்த அப்பெருமகனார் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடப் புகுந்தபோது, அங்கே ஆறும் வயலும் சோலையும் கண்டார். மணல் நாட்டுக்கே தமிழ்நிலத்தை உடுத்திப் பார்த்த மனம் அது. தம் மண்ணைக் குறித்து அவருக்கு நாணம் இருந்ததில்லை. அதனாலேயே தொலைநாட்டின் செய்தியைத் தமிழர் தம் வீட்டுச் செய்தியாகக் கேட்டனர். அவர் உறங்கும் மண்ணிலேயே நாம் வீடு கட்டுகின்றோம்.

அமெரிக்கரையும் ஐரோப்பியரையும் பின்பற்றவே வேண்டுமென்றால், அவர்கள் தத்தம் மண்ணைப் பின்பற்றியதைப் பின்பற்றுவோம். அடுத்த முறை புதுமனை விருந்துக்குச் செல்லும்போது, இது எந்நாட்டு வீடு என்று கேட்பதை விட்டுவிட்டு, இவ்வீட்டு மூதாட்டியார் நண்பகலில் எங்கே உறங்குகின்றார் என்று கேட்போம்.